குளிர் காய ஒரு குழாய்

அத்தியாயம் 19

ராஸ் அல் கைமாவில் கட்டுகிற வீட்டுக்கு ஃபயர்பிளேஸ் வைக்கப் போகிறேன் என்று முகம்மது சித்தீக் வாயைத் திறந்த நாளிலிருந்து, துபாய் கராமாவில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சிரித்து முடித்துவிட்டார்கள். ஜூலை மாதத்தில் காரின் ஸ்டியரிங்கைக் கையால் தொட முடியாத நாட்டில் குளிர் காய நெருப்பு! அவர் தலையைக் கண்டதும் டீக்கடையில் ஒருவர், “ஹாஜியாருக்குச் சூடா ஒரு சாயா போடுப்பா, குளிருதாம்” என்று குரல் கொடுக்கிற அளவுக்குப் பேச்சு பரவியிருந்தது.

சித்தீக் அசைந்து கொடுக்கவில்லை. மலையடிவாரத்து வீடு, ஜனவரியில் அங்கே காற்று எப்படி வீசும் என்று வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பார். கடையில் துணி வியாபாரம் செய்து பழகியவர். கேலிக்கெல்லாம் விலையை மாற்றுகிறவர் இல்லை.

அந்த வீடு யாருக்கு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது மூத்த மகள் ஹஃபீஸாவின் வீடு. காயல்பட்டினத்துக் குடும்பங்களில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவார். ஹஃபீஸாவின் நிக்காஹ் அன்று சித்தீக் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை இது: ஊரில் இருக்கிற வீடு இளையவள் ருக்கையாவுக்கு, மூத்தவளுக்கு நான் இங்கேயே, அமீரகத்திலேயே ஒரு வீடு கட்டிக் கொடுப்பேன்.

சொல்லி ஏழு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஏழு வருஷமும் ஹஃபீஸாவும் அவள் கணவன் சாதிக் பாட்ஷாவும் கராமா பிளாட்டில் அவள் பெற்றோரோடுதான் இருக்கிறார்கள். காலையில் குளியலறை வாசலில் துண்டோடு காத்து நிற்பதில் சாதிக் பாட்ஷா ஒரு பொறுமையையே வளர்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாளும் வீடு எங்கே என்று மாமனாரிடம் கேட்டதில்லை. அதனாலேயே ஹஃபீஸாவுக்கு அந்த வீடு சீக்கிரம் வேண்டியிருந்தது.

சென்ற வாரம்தான் ருக்கையாவின் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளையின் தாயார் உம்மு சல்மா ஜித்தாவிலிருந்து நேரிலேயே வந்து இறங்கியிருந்தார். அங்கே ஷரஃபியா பக்கம் அவர்களுக்குக் கடை, பேச்சில் கண்டிப்பு. வந்த அம்மாள் பெண்ணைப் பார்த்தார், பிரியாணியைப் பாராட்டினார், பிறகு ராஸ் அல் கைமா வீட்டையும் ஒரு நடை பார்க்க வேண்டும் என்றார்.

இன்று சனிக்கிழமை. அந்தப் பார்வை இன்றைக்குத்தான்.

சித்தீக் மூத்த மகளை மட்டும் கூட்டிக்கொண்டு முன்னதாகவே கிளம்பினார். கேஸ் குழாய் போடுகிற கம்பெனியின் எஞ்சினியர் சைட்டில் காத்திருப்பார், ஒரு விஷயம் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். மற்றவர்களை ருக்கையா தன் காரில் அழைத்து வருவதாக ஏற்பாடு.

“நம்ம ரூம் ஜன்னலைக் கொஞ்சம் பெருசா வைக்கச் சொல்லு. மலை தெரியணும்” என்று சாதிக் பாட்ஷா டியூட்டிக்குக் கிளம்பும்போது சொன்னான். அவன் வீட்டைப் பற்றி வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. ஹஃபீஸாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

காரில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். அடுப்படிக்கு என்ன நிற டைல்ஸ், மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டை வைக்க இடம் கிடைக்குமா, இப்படி. சித்தீக் எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டார்.

“வாப்பா, என் வீட்டைப் பாத்து உம்மு சல்மா மாமிக்கு என்னா ஆவப் போவுது? ருக்கையாவுக்கு ஊர்ல இக்கிற வீட்டையில்ல அவங்க பாக்கணும்?”

“பாக்கணும்ண்டு சொன்னாங்க. வேணாம்ண்டு சொல்ல முடியுமா?”

“அதுக்கில்ல வாப்பா. சாச்சி ஊர் வீட்டை எப்பக் காலி பண்ணுறாங்களாம்?”

ஊர் வீட்டில் இப்போது ஹஃபீஸாவின் உம்மா மதீனா பீவியின் தங்கை குடும்பம் குடியிருக்கிறது. சித்தீக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் கல் ஏற்றின லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிடுவதில் மிகவும் கவனமாக இருந்தார்.

வீடு பாதி எழும்பி நின்றது. கீழ்த்தளத்துச் சுவர் முடிந்து, கூரை முடிந்து, தரை மட்டும் மண்ணும் குழாயுமாகக் கிடந்தது. கேஸ் எஞ்சினியர் கிருபன் தரையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன். வேலையாட்களிடம் ஹிந்தி, கம்பெனிக்கு ஆங்கிலம், இவர்களைப் பார்த்தால் அவன் ஊர்த் தமிழ்.

“வாங்கோ ஐயா, வாங்கோ அக்கா. ஒரு விசயம் கதைச்சு முடிக்க வேணும். நாளைக்குக் காலமை தரைக்குக் கொங்கிறீற் போடினம். அதுக்குப் பிறகு குழாயிலை ஒண்டும் மாத்தேலாது.”

“சொல்லுங்க தம்பி” என்றார் சித்தீக்.

“வெளியிலை சிலிண்டர் அறை. அங்கையிருந்து ஒரு குழாய் கிச்சனுக்கு வருது. பிறகு ஒருநாள் ஹோலிலை ஃபயர்பிளேஸ் வைக்கிற எண்ணமெண்டால் அந்தக் குழாயை இப்பவே பெரிசாப் போட வேணும். சின்னதாப் போட்டுட்டுப் பிறகு கிளை எடுத்தமெண்டால், இஞ்சை நெருப்பு எரியேக்கை அங்கை அடுப்பு மங்கிப் போகும்.”

“பெருசாவே போட்டுடுங்க.”

“கிளைக் குழாயை இந்தச் சுவர் மட்டுக்கும் கொண்டுவந்து, முனையிலை வால்வும் மூடியும் போட்டு விடுவன். வைக்கிற அண்டைக்கு மூடியைக் கழட்டினால் சரி. வைக்காட்டிலும் ஒரு கரைச்சலும் இல்லை.”

ஹஃபீஸாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. இதுநாள்வரை அவளும் மற்றவர்களைப் போல மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மூடி போட்டு விட்டுவைக்கிற ஒரு குழாயில் என்ன நஷ்டம்? வாப்பாவின் ஆசை. இருந்துவிட்டுப் போகட்டும்.

“ரெண்டு கேள்வி இருக்கு ஐயா” என்றான் கிருபன். “எந்த மாதிரி ஃபயர்பிளேஸ், எவ்வளவு காஸ் பிடிக்கும் எண்டு தெரிஞ்சால்தான் குழாயின்ரை அளவைச் சொல்லலாம். மற்றது, அதின்ரை புகை வெளியிலை போக வழி வேணும். சுவரிலை ஓட்டை விடச் சொல்லி மேஸ்திரியிட்டைக் கேட்டன். ஐயா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாராம்.”

“அது பொறவு பாத்துக்கலாம். நீங்க குழாயை மட்டும் போடுங்க.”

“எந்த அளவுக்குப் போட?”

“நாலு பர்னர் எரியிற அளவுக்கு.”

கிருபன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். ஃபயர்பிளேஸில் யாரும் பர்னரை எண்ணிக் கேட்டு அவன் கண்டதில்லை. சிலிண்டர் அறைப் பக்கம் ஒரு அளவு எடுக்க வேண்டும் என்று வெளியே போனான். மரியாதை தெரிந்த பிள்ளை.

ஹஃபீஸா அந்தச் சுவரோரம் போனாள். சிவப்புக் கோடு முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு தண்ணீர்க் குழாய்கள் சுவரிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே கழிவுநீர் போகிற குழாய், வாயில் துணியை அடைத்து வைத்திருந்தார்கள்.

பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு எது எது வேண்டும் என்பது குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

“வாப்பா, குளிர் காயிற இடத்துல எதுக்குத் தண்ணிக் குழாய்?”

சித்தீக் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“இது அடுப்படி. அப்படித்தானே?”

“ஆமாம்மா.”

“யாருக்கு?”

“ஊர் வீடு நமக்கு இல்லம்மா” என்றார் அவர். “உன் சாச்சி விட மாட்டேன்ட்டா. பங்கு பிரிக்காத வீடு, எங்களுக்கும் மவள் இக்கிறாண்டு வக்கீல் வச்சிட்டாங்க. அது எந்தக் காலத்துல முடியுமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சம்பந்தம் பேச வந்தவங்க மொதல்ல கேட்டதே, பொண்ணுக்கு வீடு எங்கேண்டுதான். என்னா சொல்லச் சொல்றே?”

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு என்றால் அதற்கு அவர்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். குடும்பம் இரண்டாகிவிட்டது. அந்த வார்த்தையை மேஸ்திரியிடம் சொல்லக்கூட சித்தீக்குக்கு நாக்கு எழவில்லை. அதனால் குளிர் காய என்று சொல்லிவைத்தார். மானத்தை மறைக்க மனிதர்கள் என்னென்னவோ கதை விடுவார்கள். இவர் விட்ட கதை கொஞ்சம் அசட்டுக் கதையாகப் போய் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டது. அவ்வளவுதான்.

ஹஃபீஸாவுக்கு ஆத்திரமாக வந்தது. தன் வீட்டில் பாதி போகிறது என்பதற்காக இல்லை. தன்னிடம் மறைத்ததற்காக.

“மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்னா வேணாம்ண்டா சொல்லிருப்பேன்? ருக்கையா யாரு, ரோட்ல போறவளா? ஊரே சிரிச்சிச்சு வாப்பா. நானும் சேந்து சிரிச்சேன்.”

“தப்புதான்மா.”

“தங்கச்சிக்கு வீடு இல்லாமப் போனா எனக்கு மட்டும் இந்த வீட்டுல தூக்கம் வருமா?”

சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. கொடுக்கிற இடத்தில் நிற்பவர்களுக்கு வருகிற ஒரு தெம்பு உண்டு. அது வந்துவிட்டது. சாதிக் கேட்ட ஜன்னல் அறை தங்கை பக்கம் போனாலும் அவனிடம் எப்படியும் சமாளிக்கலாம். அவன் ‘சரி’ என்றுதான் சொல்வான். ஹாலைத் தடுத்து, பின்னால் இருக்கிற இரண்டு அறைகளையும் ருக்கையாவுக்கு விட்டால், ஒரு சின்னக் குடும்பம் தாராளமாக இருக்கலாம். பிள்ளைகள் சேர்ந்து வளரும். அவள் மனசுக்குள் வீட்டையே பிரித்து முடித்துவிட்டாள்.

வாசலுக்குப் போய்க் கிருபனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அது ஃபயர்பிளேஸ் இல்ல. அடுப்பு. அதுக்குத் தக்கன போடுங்க.”

கிருபன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “அப்பிடி நேரை சொன்னால் எனக்கும் சுகம் அக்கா. புகைக்கு வேறை வழி தேவையில்லை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை விட்டால் காணும். ரெண்டு குடும்பமோ?”

“ஆமா. நானும் தங்கச்சியும்.”

“அப்பிடியெண்டால் சிலிண்டர் அறையிலேயே ரெண்டு வால்வு தனித்தனியாப் பூட்டுவம். ஒராள் ஏதும் திருத்த வேலைக்கு மூடினால் மற்றாளின்ரை சமையல் நிக்கக் கூடாது பாருங்கோ. வால்விலை பேர் அடிச்சு விடுறது வழக்கம். பெரிய கிச்சன் ஆற்றை பேரிலை?”

“ஹஃபீஸா. இந்தப் பக்கத்துக்கு ருக்கையாண்டு போடுங்க.”

கிருபன் போனில் தட்டிக்கொள்ளத் தொடங்கினான்.

“மாத்திப் போடுங்க தம்பி” என்றார் சித்தீக்.

அவர் இன்னும் வாளியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை.

“பெரிய அடுப்படி ருக்கையாவுக்கு. இது ஹஃபீஸாவுக்கு.”

கிருபன் போனை இறக்கினான். இந்தத் தடவை அளவு எடுக்கிற சாக்குக்கூடச் சொல்லவில்லை. வெளியே போய்விட்டான்.

“என்னா வாப்பா சொல்றீங்க?”

“முழு வீடும் ருக்கையாவுக்குத்தாண்டு அவங்கள்ட்ட சொல்லிட்டேன்மா. பாதி வீடுண்டா சம்பந்தம் நிக்காது. அந்த அம்மா ஜித்தாவுலருந்து போன்லயே கறாராச் சொல்லிட்டாங்க.”

“அப்ப நான்?”

“நீயும் இங்கதானே இக்கப் போறே? இந்த ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி. கல்யாணம் முடிஞ்சி கொஞ்ச நாள் போவட்டும், மூடியைக் கழட்டிட்டு அடுப்பை வச்சிடலாம். அப்ப அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுவரைக்கும் ஃபயர்பிளேஸ்ண்டு இருக்கட்டும்ண்டு நெனச்சேன்.”

“நாலு பேர் முன்னாடி எனக்குண்டு சொன்ன வீடு வாப்பா.”

“உனக்குக் கல்யாணம் ஆயிடிச்சும்மா.” சித்தீக் இதை ஆறுதலாகத்தான் சொன்னார். “மாப்பிள்ளை தங்கமான மனுசன். ஏழு வருசமா ஒரு வார்த்தை கேட்டிக்கிறாரா? உன்னை இனி யாரும் வேணாம்ண்டு சொல்ல மாட்டாங்க. அவளைச் சொல்லிடுவாங்க.”

பொறுமையாக இருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையைக் கொடுப்பது குடும்பங்களில் எப்போதும் நடப்பதுதான். ஹஃபீஸாவுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. சற்று முன் தான் தங்கைக்கு ஒதுக்கிய இரண்டு அறைகளைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு போதும் என்று எவ்வளவு சுலபமாக நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வெளியே கார் வந்து நின்றது.

சித்தீக் அவசரமாக எழுந்தார். “மவளே, இப்ப ஒண்ணும் சொல்லிடாதே. அவங்க போவட்டும். நாம பேசிக்கலாம்.”

ஹஃபீஸா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

ருக்கையா காரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் எடுத்த புதிது, இரண்டு தடவை பூட்டிப் பார்த்தாள். உம்மா மதீனா பீவி பின் சீட்டிலிருந்து இறங்கவே நேரம் எடுத்துக்கொண்டார். அவர் மூத்த மகளின் கண்ணைச் சந்திக்காததைக் கண்டு, உம்மாவுக்கும் தெரியும் என்று ஹஃபீஸா புரிந்துகொண்டாள். வாப்பாவுக்குத் தெரிந்த எதுதான் உம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது?

உம்மு சல்மா ஸலாம் சொல்லிவிட்டு முதலில் மலையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ். காத்து நல்லா வருது.”

“வாங்க மாமி, உள்ளே வாங்க” என்றாள் ஹஃபீஸா.

அவளே சுற்றிக் காட்டினாள். பெரிய அடுப்படி, மாடிப்படி, மேலே வரப்போகிற மூன்று அறைகள். சித்தீக் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார். ஹாலுக்கு வந்ததும் உம்மு சல்மா சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

“இதானா அந்த ஃபயர்பிளேஸு? சம்பந்தி போன்ல சொன்னாங்க. எனக்குச் சிரிப்பா வந்திச்சு.”

“இது அடுப்பு மாமி” என்றாள் ஹஃபீஸா.

சித்தீக் இருமினார்.

“பெரிய அடுப்படி ருக்கையாவுக்கு. இது எனக்கு. அந்த ரெண்டு ரூம்லயும் நானும் என் மாப்பிள்ளையும் இருப்போம். வாப்பா இப்பதான் சொன்னாங்க. உங்களுக்கும் தெரியணும்ல?”

குரல் நடுங்கவில்லை. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

உம்மு சல்மாவின் கை அப்படியே நின்றது. “ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பா?” அவர் சித்தீக்கைத் திரும்பிப் பார்த்தார். “என்னா சம்பந்தி இது?”

சித்தீக் தண்ணீர்க் குழாய்களை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார். மதீனா பீவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருக்கையா சிரித்தாள். “லாத்தா கிண்டல் பண்ணுறாங்க மாமி. காலையிலருந்து வாப்பாவை எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க. ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்புதான். இது ஃபயர்பிளேஸ், குளிருக்கு. வைக்கிறமோ இல்லியோ, சும்மா ஒரு குழாய் போட்டு வைக்கிறாங்க.”

“அதானே பாத்தேன்” என்று உம்மு சல்மா மூச்சு விட்டார். “வெளையாட்டுக்கும் அப்படிச் சொல்லாதே ஹஃபீஸா. கல்யாண வீடு.” மதீனா பீவி அவரை மறுபடியும் பெரிய அடுப்படிப் பக்கம் அழைத்துப் போனார்.

வாப்பா மறைத்தபோது ஹஃபீஸாவுக்குக் கோபம்தான் வந்தது. இப்போதுதான் வலித்தது. குழாயைப் பற்றிப் பேசியபோது ருக்கையா இங்கே இல்லை. தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உனக்கு எப்படிடி தெரியும்?”

ருக்கையா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

“ஃபயர்பிளேஸ்ண்டு சொல்லுங்கண்டு வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், லாத்தா.”

சொல்லிவிட்டு அவள் மாமியாரைத் தேடிப் போனாள்.

ஹஃபீஸா யார் பின்னாலும் போகவில்லை. வெளியே வந்து கிருபன் எதிரில் நின்றாள்.

“நாளைக்குத் தரையை மூட வேணாம் தம்பி.”

கிருபன் அவளுக்குப் பின்னால் வாசலில் நின்ற சித்தீக்கைப் பார்த்தான். சித்தீக் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.